பேய் எங்கே என்றவர்களுக்கு

சென்ற மாதத்து விடுமுறை நாளொன்றில் நண்பர் சிலர் என் இல்லத்திற் கூடி, அமெரிக்காவில் 1943-ஆம் ஆண்டு ஆர்.கே.ஓ. கம்பெனியார் வெளியிட்ட "ஐ வாக்ட் வித் எ ஜோம்பி" என்னும் பழைய படமொன்றைக் கண்டோம். "நான் ஒரு ஜோம்பியுடன் நடந்தேன்" என்பது அப்பெயரின் பொருள். ஜோம்பி என்பது, செத்தும் புதைகுழியில் அடங்காமல், உணர்வும் விருப்பமும் இன்றிப் பிறர் ஏவியவாறு நடமாடும் உடல் என்று மேற்கிந்தியத் தீவுகளிற் சிலர் நம்பி வந்த ஒன்று. படம் ஓடியது ஒரு மணி ஒன்பது நிமிடம். அதைப்பற்றிய வாதமோ நள்ளிரவு வரை ஓடிற்று. மறுநாள் விடியற்காலைப் பெரட்டுக்குச் சிவந்த கண்களோடு போய் நின்றவன் நான். அந்த வாதத்தில் நான் சொல்ல எண்ணிச் சொல்லாது விட்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் நண்பர்களின் அபிப்பிராயங்களைச் சொல்லிவிடுவது முறை. எங்கள் செம்பனைத் தோட்டத்தில் வெளிக்காட்டு வேலைகளை மேற்பார்வை செய்யும் இளைஞர் ஒருவர், விளக்கைப் போட்டவுடன் என் பக்கம் திரும்பி, "என்ன கிராணியாரே, பேய் எங்கே?" என்றார். படம் முழுதும் காற்றும் நிழலும் வெள்ளை உடுத்த ஒரு பெண்ணுமேயன்றி, திடுக்கிடச் செய்யும் காட்சி ஒன்றேனும் இல்லை என்பது அவருடைய மனக்குறை. தமிழ்ப்பள்ளி ஆசிரியராகிய மற்றொரு நண்பர் வேறு விதமாகச் சினந்தார். பகுத்தறிவைப் பேசும் நாம், மந்திரத்தால் ஒருத்தி நடைப்பிணம் ஆனாள் என்று காட்டும் படத்தை வீட்டிற்கு வருவித்துப் பார்ப்பதே பிழை என்றும், மூடநம்பிக்கைக்கு அழகிய ஆடை உடுத்தினால் அது முன்னிலும் கேடு செய்யும் என்றும் அவர் சொன்னார். என் மனைவியோ, சம்பளத்திற்கு வந்த தாதி சில நாட்களுக்குள் வீட்டுக்காரனிடம் காதல் கொண்டதை நம்ப முடியவில்லை என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டாள். அவள் சொன்னதை நான் மறுக்கவில்லை. நாலாவது ஆள் அடுத்த வீட்டுப் பெரியம்மா. ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்து ஓய்ந்தவர். ஆங்கிலம் அறியாதவராதலின், பேச்சுக்களை நான் தமிழிற் சொல்லச் சொல்லக் கேட்டிருந்தார். அவர் சொன்னதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இம்மாறுபாடு எங்கள் கூடத்திற்கு மட்டும் உரியதன்று. படம் வெளிவந்த நாளில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அதனை ஆரோக்கியமற்ற சரக்கென்று வைது ஒதுக்கிற்று. பின்னாளில் ராபின் உட் போன்ற ஆங்கிலத் திறனாய்வாளர்கள் அதே படத்தை அவ்வகைப் படங்களின் முன்வரிசையில் வைத்தனர். ஒரே பொருளை ஒருவர் குப்பையென்றும் ஒருவர் மணியென்றும் கூறுவாராயின், பார்த்தவர் எதனை எதிர்பார்த்து வந்தார் என்பதை முதலில் கேட்க வேண்டும். எங்கள் இளைஞர் பேயை எதிர்பார்த்து வந்தார். அதில் அவர்மீது குற்றமில்லை. பெயரே அவ்வாறு கூவி அழைக்கிறது.

அப்பெயரைச் சூட்டியவர் படத்தை ஆக்கியவர் அல்லர். 1941-இல் ஆர்சன் வெல்ஸின் "சிட்டிசன் கேன்", 1942-இல் அவருடைய "தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்" என்னும் இரண்டு பெருஞ்செலவுப் படங்களாலும் பணம் வராமல் கை சுட்டுக்கொண்ட கம்பெனியார், இனிக் குறைந்த செலவில் திகிற்படங்கள் எடுத்துக் கடனை அடைப்பதென்று தீர்மானித்தனர். அப்பொறுப்பு வால் லூட்டன் என்பவரிடம் விடப்பெற்றது. 1904-இல் யால்ட்டாவிற் பிறந்து, சிறு பிராயத்திலேயே அமெரிக்கா சேர்ந்து, நாவல்களும் எழுதிய மனிதர் அவர். அவருக்கு இட்ட நிபந்தனைகள் மூன்று. படமொன்றுக்கு 1,50,000 டாலருக்கு மேற் செலவிடலாகாது. 75 நிமிடத்திற்கு மேல் ஓடலாகாது. பெயரை ஆபீஸே கொடுக்கும். இனஸ் வாலஸ் என்னும் அம்மையார் பத்திரிகை ஒன்றில் எழுதிய கட்டுரையின் தலைப்பே இப்பெயர். அதனைக் கையிற் கொடுத்து, இதற்கு ஒரு படம் செய்க என்றனர். மேலிடத்திலிருந்து வரும் தலைப்புக்குத் தக்கவாறு அறிக்கை எழுதிப் பழகிய என்போன்ற கிராணிகளுக்கு லூட்டனின் நிலை நன்கு விளங்கும்.

அவர் செய்த தந்திரம் யாதெனின், கூவும் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே ஷார்லட் பிரான்டே அம்மையார் 1847-இல் எழுதிய "ஜேன் அயர்" என்னும் நாவலை மேற்கிந்தியத் தீவிற்குக் குடியேற்றியதே. கோதிக் என ஆங்கிலேயர் கூறும் கதைவகையின் உறுப்புக்கள் யாவும் இதில் உள: பழைய மாளிகை, மூடிய அறை, இரவில் அழுகுரல், வெளியே சொல்லாத குடும்பப் பாவம். அந்நாவலில் மாடியில் அடைபட்டுக் கிடக்கும் பித்துக்கொண்ட மனைவி, ஜமேக்காவிலிருந்து கொண்டுவரப்பெற்றவள். இங்கிலாந்து மாளிகையின் இருளுக்குத் தீவில் ஒரு வேர் உண்டென்று நாவல் குறிப்பாய்ச் சொல்லி நிற்கிறது. லூட்டனும், இயக்குநர் ஜாக் டூர்னரும், எழுதிய கர்ட் சியோட்மாக், ஆர்டல் ரே ஆகிய இருவரும் அவ்வேரையே தோண்டிச் சென்றனர். டொமினிக்காத் தீவிற் பிறந்த ஜீன் ரீஸ் என்னும் எழுத்தாளர் அம்மனைவியின் பக்கத்துக் கதையை நாவலாக எழுதியது 1966-இல். அதற்கு இருபத்துமூன்றாண்டு முன்னரே, மலிவுப் படமொன்று அத்திசை நோக்கி நடந்துவிட்டது.

கதை இதுவே. கானடாவிற் பனி பெய்யும் நகரிலிருந்து பெட்ஸி என்னும் தாதி, செயின்ட் செபாஸ்டியன் என்னும் கற்பனைத் தீவிலுள்ள கரும்புத் தோட்டத்திற்கு வேலைக்கு வருகிறாள். தோட்டத்துரை பால் ஹாலண்டின் மனைவி ஜெஸிக்கா, பேச்சும் நினைவும் அற்று இரவில் உலவுகிறாள். காய்ச்சலின் விளைவு என்கிறார் டாக்டர். ஜோம்பி என்கிறார்கள் ஊரார். துரையின் தம்பி வெஸ்லி அவள்மீது காதல் கொண்டிருந்தவன். கப்பலில் வரும்போது கடலின் அழகில் தாதி மயங்கி நிற்க, துரை அருகே வந்து, அவள் மனத்திலுள்ளதை அறிந்தவர்போல் மறுக்கிறார். மீன்கள் துள்ளுவது மகிழ்ச்சியால் அன்று, பெரிய மீனுக்கு அஞ்சி. நீரின் ஒளி செத்த சிற்றுயிர்களின் அழுகலினின்று வருவது என்கிறார். துரை துயரக்காரர், ஆகவே இப்படிப் பேசுகிறார் என்று தோன்றும். ஆனால் படம் முழுவதற்கும் திறவுகோல் அங்கே இருக்கிறது: அழகென்று வந்தவர் காண்பதன் அடியில் என்ன கிடக்கிறது?

இதற்கு விடை, தாதி கரையேறிக் குதிரைவண்டியில் மாளிகைக்குச் செல்லும் சிறு காட்சியிற் கிடைக்கிறது. வண்டியோட்டும் கறுப்பு முதியவர், ஹாலண்டு குடும்பத்தாரின் கப்பலில், அடித்தளத்திற் சங்கிலியாற் பிணிக்கப்பட்டுத் தம் முன்னோர் வந்த வரலாற்றைச் சொல்கிறார். அக்கப்பலின் முகப்பில் நின்ற செபாஸ்டியன் முனிவரின் சிலை, அம்பு தைத்த மார்போடு, இன்றும் மாளிகைத் தோட்டத்தில் நிற்கிறது. தாதி நல்லவள். நல்ல எண்ணத்தோடுதான், எப்படியாயினும் அழகிய இடத்திற்கல்லவா கொண்டுவந்தார்கள் என்று கூறுகிறாள். முதியவர் முறுவல் மாறாமல், அம்மணி அவ்வாறு சொன்னால் அவ்வாறே ஆகுக என்ற கருத்தில் இரண்டு சொல் சொல்லி வண்டியை ஓட்டுகிறார். எதிர்ப்பும் இல்லை, உடன்பாடும் இல்லை. இதனை நான் தமிழிற் சொல்லி வாய்மூடுமுன், பெரியம்மா, "அப்படித்தான் தம்பி சொல்லணும். வேற என்னத்தச் சொல்றது?" என்றார். இளைஞர் பேயைத் தேடிய இடத்தில் பெரியம்மா ஒரு பதிலைக் கேட்டுவிட்டார். எங்கள் நால்வரில் படத்தைச் சரியாகக் கண்டவர் அவரே என்பது என் துணிபு.

பின்னொரு காட்சியில் நள்ளிரவில் ஒரு பெண் அழும் குரல் கேட்கிறது. பேயென்று தாதி நடுங்கிப் போய்ப் பார்த்தால், வீட்டு வேலைக்காரி அல்மா. அவள் தமக்கைக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது; அதற்காக அழுகிறாள். அடிமைத் துயர் தலைமுறை தலைமுறையாய் ஊறியபடியால், இங்கே பிறப்புக்கு அழுவதும் சாவுக்குக் களிப்பதும் வழக்கமாயிற்று என்று துரை விளக்குகிறார். கதவு தானாய்த் திறப்பதையும் கோர உருவம் பாய்வதையும் விட இது என்னை உறங்கவிடாமற் செய்தது. பேய் எங்கே என்றவருக்கு, அன்பரே, அந்த அழுகையைக் கேட்டீர் அல்லவா, அங்கேதான் என்று விடை சொல்ல விரும்புகிறேன்.

செலவின்மை இப்படத்திற்கு நன்மையே செய்தது. கரும்புக் காட்டினூடே தாதி ஜெஸிக்காவைக் கைப்பற்றி நடத்திச் செல்லும் காட்சி ஸ்டூடியோவுக்குள்ளே எடுக்கப்பெற்றது. இசையில்லை, பேச்சில்லை. கரும்புத் தோகையிற் காற்று, இரண்டு பெண்களின் வெள்ளாடை, தொங்கும் ஆட்டின் உடல், திடீரென்று எதிரே அசையாது நிற்கும் கரெஃபோர் என்னும் காவலாளி. அவ்வளவே. கரும்பு வளர்ந்த தோட்டத்தில் இருட்டியபின் நடந்தவர்களுக்குத் தெரியும்: நான்கடிக்கு அப்பால் என்ன உளது என்று அறியாமையே அச்சம். ஆயிரம் ஆட்களையும் மாயக் கருவிகளையும் வைத்துக்கொண்டு செய்ய முடியாத காரியத்தை, ஒளிப்பதிவாளர் ராய் ஹண்ட் ஓரிரு விளக்குக்களாற் செய்துவிட்டார்.

இனி, என் குறையைச் சொல்லவேண்டும். முரசொலி கேட்டுத் தாதி திடுக்கிடும்போது, வெஸ்லி சிரித்து, அது சர்க்கரை ஆலையின் வேலை முரசு, பட்டணத்துத் தொழிற்சாலைச் சங்கு போன்றதே என்கிறான். அருமையான இடம். மர்மம் என்று அஞ்சியது வேலைக்கான அழைப்பு. ஆனால் அம்முரசு கேட்டு எழுந்து சென்றவர்களை நாம் காணவேயில்லை. அறுபத்தொன்பது நிமிடத்தில் ஒருவர் ஒரு கரும்பை வெட்டியதாக எனக்கு நினைவில்லை. கதை மாளிகையின் படுக்கையறையையே சுற்றுகிறது. இங்கே ஒன்று நினைக்கத்தகும். ஜோம்பி என்னும் சொல்லை அமெரிக்க வாசகரிடையே பரப்பியது வில்லியம் ஸீபுரூக் 1929-இல் வெளியிட்ட ஹெய்ட்டி யாத்திரை நூல். 1915 முதல் 1934 வரை அந்நாடு அமெரிக்கப் படையின் கைக்குள் இருந்தது. அவர் கேட்டெழுதிய கதையில் ஜோம்பிகள் யாரையும் கடித்துத் தின்பவர் அல்லர். அமெரிக்கச் சர்க்கரைக் கம்பெனி ஒன்றின் கரும்புக் காட்டிற் கூலிக்குக் கொண்டுவந்து நிறுத்தப்பட்ட பிணங்கள். வேலை அவர்களுடையது, கூலி கங்காணியுடையது. உப்புப் பட்ட உணவை உண்டவுடன் தாம் செத்தவர் என்ற நினைவு வந்து, தத்தம் குழிநோக்கித் திரும்பிப் போகின்றனர். செத்தபின்னும் வேலையினின்று விடுதலை இல்லை என்பதே, அடிமைப்பட்டவரின் பேரர்கள் அஞ்சிய அச்சம். அச்சத்தின் அளவைக் காட்ட இதனினும் பெரிய கற்பனை வேண்டுமா?

1932-இல் ஹால்பெரின் சகோதரர் எடுத்த "ஒயிட் ஜோம்பி" என்னும் படம், கலைத்திறனில் இதனினும் பல படி தாழ்ந்தது. பேலா லுகோஸி புருவத்தை நெரித்துக்கொண்டு வருவது இன்று சிரிப்பையே தரும். எனினும் அதில் ஓர் ஆலைக் காட்சி உண்டு. ஜோம்பிகள் மரச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித் தள்ளுகின்றனர், ஒருவன் தவறி ஆலைக்குள் விழுகிறான், மற்றவர் நிற்கவில்லை, சக்கரமும் நிற்கவில்லை. அக்காட்சி அறிந்த உண்மையை, லூட்டனின் மேம்பட்ட படம் மாளிகைக்குள் மடைமாற்றி, துரைசானியின் நோயாக்கிவிட்டது. வேலையாளின் அச்சத்தை எடுத்து வீட்டுக்காரிக்கு அணிவித்தது என்று நான் கூறுவேன். அல்மாவாக நடித்த தெரேஸா ஹாரிஸ், திரைவாழ்வு முழுதும் பெரும்பாலும் வேலைக்காரி வேடமே பெற்றவர். இதில் அவருக்கு ஓரளவேனும் பேச்சும் பெருமிதமும் வாய்த்தன. டிரினிடாடிற் பிறந்த சர் லான்ஸலாட் என்னும் பாடகர், துரைவீட்டு அவதூற்றைக் கலிப்ஸோவாகக் கட்டிப் பாடுகிறார். வெஸ்லியைக் கண்டதும் மன்னிப்புக் கேட்டவர், அவன் குடித்து மயங்கியபின், தாதியை நோக்கிப் பாடிக்கொண்டே மெல்ல மெல்ல நெருங்கி வருகிறார். ஊரார் அறிவர், பேசாதிருக்கின்றனர் என்பதை இதனினும் நயமாகக் காட்ட இயலாது. இக்குறைக்கு இந்நிறைகள் ஓரளவு ஈடு.

கரும்புத் தோட்டம் என்றவுடன் எம்மவர் மனம் வேறிடம் செல்லக்கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டதும், அம்முறை 1910-இல் மலாயாவில் ஒழிக்கப்பட்டதும் உண்மை. ஆயினும் சங்கிலி வேறு, கைநாட்டு வேறு. இரண்டையும் ஒன்றென்று பேசுவது, விற்கப்பட்டோர் பட்ட பாட்டை நாம் இரவல் வாங்குவதாகும். பெரியம்மா அதனைச் செய்யவில்லை. அவர் அறிந்தது அந்தப் பதில் சொல்லும் முறையை மட்டுமே.

ஆசிரிய நண்பரின் ஆட்சேபத்திற்கு வருகிறேன். இதுவே எனக்குக் கடினமானது. படம் மூடநம்பிக்கையைப் பரப்புகிறதா? துரையின் தாயார் ராண்ட் அம்மையார் ஒரு பாதிரியாரின் மனைவி, விதவை, ஓரளவு மருத்துவம் அறிந்தவர். நோயாளிக்கு வூடூ பூசாரிகளாற் குணம் உண்டாகுமோ என்று தாதி அந்த இரவு நடந்து சென்ற இடத்தில், தெய்வவாக்குச் சொல்லும் கதவுக்குப் பின்னே மறைந்திருப்பவர் இந்த அம்மையாரே. அவர் தம் நியாயத்தைச் சொல்கிறார். கணவர் இறந்தபின் ஊரார் தம் சொல்லைக் கேட்கவில்லை. கைக்குழந்தை உடைய ஒருத்தியிடம் நீரைக் காய்ச்சிக் குடி என்று எத்தனையோ முறை சொல்லியும் பயனில்லை. நீரிலுள்ள தீய ஆவிகளைத் தெய்வம் கொல்லும், ஆகையால் காய்ச்சு என்றவுடன் காய்ச்சினாள். அன்றுமுதல் அம்மையார் தெய்வத்தின் குரலானார்.

இந்த இடத்தில் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காரணத்தை மறைக்காமற் சொல்கிறேன். 2021-ஆம் ஆண்டு கோவிட் தடுப்பூசி போட வந்தபோது, எங்கள் லயங்களில் முதியோர் சிலர் மறுத்து நின்றனர். படிவங்களோடு வீடுவீடாய்ப் போய் விளக்கினேன், கேட்கவில்லை. அப்பொழுது கோயிற் பூசாரியைத் தனியே அழைத்து, ஆத்தாள் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று வெள்ளிக்கிழமை பூசையில் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டவன் நானே. அவரும் சொன்னார். அடுத்த வாரம் மறுத்தவரெல்லாரும் வரிசையில் நின்றனர். அதனைச் சாமர்த்தியமென்று பல நாள் எண்ணியிருந்தேன். பகுத்தறிவுக் கூட்டங்களில் முன்வரிசையில் அமரும் நான், அதனை எவரிடமும் சொன்னதில்லை.

ராண்ட் அம்மையாரைப் படம் அவ்விடத்தோடு விடவில்லை. குடும்பம் பிளவுபடும் நிலை வந்த அன்று, தம் மகனோடு ஓடிப்போக இருந்த மருமகளை நடைப்பிணமாக்கிவிடும்படி அதே பூசாரியிடம் தாமே கேட்டதாக அவர் பின்னர் ஒப்புக்கொள்கிறார். டாக்டர் அதனை மறுத்து, காய்ச்சலே காரணம் என்கிறார். யார் சொல்வது மெய் என்று படம் தீர்க்கவில்லை. இதனையே என் நண்பர் மூடநம்பிக்கைக்குத் துணைபோதல் என்றார். எனக்கோ வேறாகத் தோன்றுகிறது. மந்திரம் பலித்ததா என்பது சிறிய கேள்வி. நீரைக் காய்ச்சச் சொல்ல இரவல் வாங்கிய குரலை, ஒருத்தியை ஒழிக்கவேண்டும் என்று தோன்றிய நாளிலும் அம்மையார் பயன்படுத்தினார் என்பதே பெரிய செய்தி. குரல் ஒன்றே, கதவும் ஒன்றே. முதற் காரியம் நற்காரியமாயிருந்ததால் இரண்டாவதற்கு வழி எளிதாயிற்று. அறியாத மக்களின் நம்பிக்கையைப் பழிக்கும் படங்கள் ஆயிரம் உண்டு. அறிந்தவர் அந்நம்பிக்கையைக் கருவியாக்கிக் கொள்வதைக் குற்றக்கூண்டில் ஏற்றிய படம் நான் கண்டவரை இது ஒன்றே. அதிலும், அவரைக் கொடியவராகக் காட்டாமல், நாம் மதிக்கத்தக்க ஒரு முதிய அம்மையாராகவே காட்டியிருப்பதுதான் அதன் வன்மை.

முடிவு எனக்கு உவப்பன்று. வெஸ்லி அந்தச் சிலையிலிருந்து அம்பைப் பறித்து, ஜெஸிக்காவைக் குத்தி, உடலைத் தூக்கிக்கொண்டு கடலில் இறங்குகிறான். பின்னே கரெஃபோர் கைநீட்டியபடி வந்து நிற்கிறான். அதுவரை யாரென்று அறியாத ஒரு குரல் திடீரெனத் தோன்றி, பாவம் புண்ணியம் என்று பிரசங்கம் செய்து படத்தை மூடுகிறது. கப்பலில் வந்த அம்பு குடும்பத்தையே சென்று தைத்தது என்று காட்சி சொல்லிவிட்ட பிறகு, குரலுக்கு அங்கே வேலை இல்லை. செத்தவளைப் பழிப்பதற்கு மட்டுமே அது பயன்பட்டது.

இளைஞர் மறுமுறை பார்க்கப் படத்தை வாங்கிச் சென்றிருக்கிறார். இன்னும் திருப்பித் தரவில்லை. ஆசிரிய நண்பரோ தம் கட்சியை விடவில்லை. 2021-இல் நடந்ததை அன்றிரவு அவரிடம் நான் சொல்லவில்லை. இவ்விதழைத் தவறாது படிப்பவர் ஆகையால், இதோ இப்பொழுது அறிந்திருப்பார்.